மெழுகறை

உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட வேண்டும்.
சன்னலுக்குச் சாக்கு, ஓட்டு இடுக்குக்குக் கந்தல்.
காற்று ஒரு விரல் நுழைந்தாலும் தூள் பறந்துவிடும்,
தூள் பறந்தால் கூலி பறக்கும்.

அப்படிப்பட்ட அறையில் ஓலை அடிக்கிறவள் நான்,
ஜொவெலினா,
நாளொன்றுக்கு இரண்டாயிரம் ஓலை.
காய்ந்தது சடசடக்கும், வெள்ளை எழும்பும்,
எழும்பியது இறங்க இடம் தேடி
என் இமைமயிரில் உட்காரும்.

ஜூலை பிறந்தால் பியவுயியில் மழை கிடையாது.
வானம், அடுப்பில் ஏற்றி மறந்துபோன தகரம்.
ஆடுகள் ஆற்றுப்பக்கம் போய்விடும்,
ஆண்களில் பாதி சாவோ பாலோ போய்விடுவார்கள்.
கர்னாவூபாப் பனைக்குக் காலில்லை.
அது தன் இலைத்தோலின் மேல் மெழுகைக் கசியவிட்டு
உள்ளே இருக்கும் நாலு சொட்டைப் பூட்டிக்கொள்கிறது.
வெயில் ஏற ஏறப் பூட்டு தடிக்கிறது.
அந்தப் பூட்டைத்தான் நாங்கள் திருடுகிறோம்.
உள்ளே இருக்கும் தண்ணீர் எவனுக்கு வேண்டும்?

விரியாத குருத்தை இங்கே கண் என்போம்.
கண் தூளுக்குத் தனி மூட்டை, தனி விலை.
போன அக்டோபரில் அனக்லெத்து,
என் வீட்டுக்காரன்,
பத்து மீட்டர் கழியில் கட்டிய அரிவாளால்
ஒரு கண்ணை இழுத்தான்.
கூடவே ஒரு முற்றின மட்டையும் வந்தது.
மட்டையின் இரு ஓரமும் முள். நேராக இறங்கியது.
இடது கண்.
அதைத் தராசில் யாரும் வைக்கவில்லை.

வியாழக்கிழமை வெள்ளை ஜீப்பில்
தொழிலாளர் அதிகாரி லியோகாடியா வந்தாள்.
கையுறை உண்டா? கண்ணாடி? முகமூடி? பூட்ஸ்?
குடிக்கிற தண்ணீர் எது? கழிப்பறை எங்கே?
"கொடுத்தாலும் போட மாட்டார்கள், அம்மா,
இவர்களுக்குத் தோல் தடிப்பு" என்றான் மேஸ்திரி.
அவள் என் பக்கம் திரும்பினாள்.
வாயைத் திறந்தால்
மூன்று வாரமாக இருமல்தான் வருகிறது.
கையை நீட்டி, குவளைத் தண்ணீரை
உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினேன்.
ஒட்டவில்லை.
பாதரசம் மாதிரி உருண்டு தரையில் விழுந்து,
தரை நனைந்தது.
அதையும் எழுதிக்கொண்டாள்.
என்னவென்று எழுதியிருப்பாளோ.

மதியம் ஜீப் நிழலில் பையைத் திறந்து
எனக்கொரு ஆப்பிள் தந்தாள், தனக்கொன்று வைத்துக்கொண்டாள்.
அவ்வளவு பளபளப்பு எங்கள் ஊரில் எதற்கும் இல்லை,
மாதா சிலைக்குக்கூட.
கடிக்கும் முன் சுரண்டிப் பார்த்தேன்.
நகக்கண்ணில் வெள்ளை.
"என்ன அது?" என்றாள்.
"இங்கிருந்து போனதாக இருக்கும்" என்றேன்.
அவள் ஆப்பிள் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.
அப்புறம் போனது. பசிக்குமே, பாவம்.

பொழுது சாயும்போது சுவரில் தாள் ஒட்டி
வேலையை நிறுத்தினார்கள்.
கதவை யாரும் சாத்தவில்லை.
முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்த காற்று
மூன்று நாள் தூளை அள்ளிக்கொண்டு
வேலி தாண்டிப் போயிற்று.
மேஸ்திரி சாக்கை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினான்.
நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது,
கணக்கு நோட்டு ஞாபகம் வரும்வரை.

ராத்திரி மூன்று தடவை சோப்பு போட்டேன்.
நாலாவது தண்ணீருக்குத்தான் கை நனைந்தது.
முற்றத்தில், இரண்டே ஓலை விட்டுவைத்த மரத்தின் உச்சியில்
அடுத்த கண் கூராக மேலேறிக்கொண்டிருந்தது.
அனக்லெத்து கயிற்றுத் தொட்டிலில் படுத்திருந்தான்.
அவன் இடது இமையைத் தொட்டேன்.
அதுவும் தோல்தான், மெல்லிசு,
வெயிலுக்கு எதையும் பூசிக்கொள்ளத் தெரியாதது.

திங்கட்கிழமை கையுறை வருமாம் என்றேன்.
"ஜோடிக்கு எவ்வளவு பிடிப்பார்கள்?" என்றான்,
கண்ணைத் திறக்காமல்.